துள்ளலுக்கு எவ்வளவு பாரம்?

திருகோணமலை மக்கெய்சர் மைதானத்தில் நீளம் பாயப் பழகும் பிள்ளைகளுக்கும் பழக்குபவர்களுக்கும் ஒரு குறிப்பு. வலு என்பது விசையும் வேகமும் சேர்ந்தது. பாரத்தை ஏற்றிக்கொண்டே போனால் வேகம் செத்துவிடும்.

ஸ்குவாட்டில், அதாவது பாரத்தைத் தோளில் வைத்துக் குந்தி எழும்பும் பயிற்சியில், ஒரே ஒரு தடவை தூக்க முடிந்த உச்ச எடையைப் பாருங்கள். குந்தி எழும்பும்போதே துள்ளும் ஜம்ப் ஸ்குவாட்டுக்கு அதில் 30 சதவீதத்துக்குள் போதும். ஆணுக்கும் பெண்ணுக்கும் இதே கணக்குத்தான். தம்பி 100 கிலோ தூக்கினால் 30 கிலோ. தங்கச்சி 60 தூக்கினால் 18. வழமையான 20 கிலோ இரும்புத் தண்டே அவளுக்குக் கூடிப்போகும், 8 கிலோ டம்பெல் இரண்டைக் கொடுங்கள். பாரத்தை நிலத்திலிருந்து ஒரே வேகத்தில் தோளுக்குத் தூக்கும் பவர் கிளீன் வேறு கதை, அதற்கு அதன் உச்ச எடையில் 70, 80 சதவீதம் வேண்டும்.

ஒரு செட்டுக்கு 3 முதல் 5 துள்ளல், பிறகு 3 நிமிட ஓய்வு. துள்ளும் உயரம் குறைந்ததும், சரி, அன்றைக்கு நிறுத்துங்கள்.