வெளிநாட்டில் இருந்தபடி ஊர் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க

வேலைக்கோ படிப்புக்கோ வெளிநாடு போனவர், அந்த நாட்டுக் குடியுரிமை வாங்காத வரை, சொந்த ஊர்ப் பட்டியலில் பெயர் வைத்திருக்கலாம். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 20ஏ பிரிவு 2011 முதல் இந்த உரிமையைத் தருகிறது. சிங்கப்பூர் பி.ஆர்., அமெரிக்க கிரீன் கார்டு இருந்தாலும் தடையில்லை. ஓ.சி.ஐ. அட்டைக்காரர்களுக்கு, அதாவது வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினருக்கு மட்டும் கிடையாது. அவர்கள் இந்தியக் குடிமக்கள் அல்லர்.

முதலில் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். அப்பா, அம்மா பெயருக்குக் கீழே என்ன முகவரி அச்சாகியிருக்கிறது? அந்த முகவரி எந்தத் தொகுதியில் வருகிறதோ, அங்கேதான் பதிய முடியும். குடும்பம் மதுரைக்குக் குடிவந்து பத்து வருடம் ஆகியிருந்தாலும், பாஸ்போர்ட்டில் பரமக்குடி என்று இருந்தால் பரமக்குடிதான். தூதரகத்தில் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கும்போது பலர் துபாய் ஃபிளாட் முகவரியையே எழுதிவிடுகிறார்கள். இந்திய முகவரி இல்லாத பாஸ்போர்ட்டை வைத்துப் பதிய வழியில்லை. எனவே புதுப்பிக்கும் நேரத்திலேயே ஊர் முகவரியைக் கேட்டு வாங்குங்கள். பிறகு மாற்ற வேண்டுமென்றால் இன்னொரு முறை விண்ணப்பம், கட்டணம், காத்திருப்பு.

நிரப்ப வேண்டியது படிவம் 6ஏ. தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் சேவைத் தளத்தில் கட்டணமில்லாமல் கிடைக்கும். புகைப்படம், பாஸ்போர்ட்டின் படப் பக்கம், முகவரிப் பக்கம், விசா பக்கம் ஆகியவை வேண்டும். தபாலில் அனுப்பினால் ஒவ்வொரு நகலிலும் நீங்களே கையெழுத்திட வேண்டும். அமீரகத்தில் 2022-க்குப் பிறகு பாஸ்போர்ட்டில் விசா ஒட்டுவதில்லை. அங்கிருப்பவர்கள் விசாவின் பி.டி.எஃப். பிரதியோடு எமிரேட்ஸ் ஐ.டி. நகலையும் சேர்த்துவிடுவது நல்லது.

அடுத்து வாக்குச்சாவடி நிலை அலுவலர், அதாவது பி.எல்.ஓ., அந்த முகவரிக்கு விசாரிக்க வருவார். விண்ணப்பம் பெரும்பாலும் சிக்குவது இங்கேதான். வீடு பூட்டிக் கிடக்கும், அல்லது வயதான அம்மா "அவன் இங்கே இல்லையே" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடுவார். விண்ணப்பித்த அன்றே வீட்டுக்கு போன் போட்டு, படிவத்தின் குறிப்பு எண்ணையும் நீங்கள் எந்த நாட்டில் என்ன வேலையில் இருக்கிறீர்கள் என்பதையும் எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். உறுதிசொல்ல உறவினர் யாருமே இல்லையென்றால் ஆவணங்கள் சரிபார்ப்புக்காகத் தூதரகத்துக்குப் போகும். அது நாள் பிடிக்கும். வேட்புமனு தாக்கலின் கடைசி நாளுக்குப் பிறகு பட்டியலில் பெயர் ஏறாது என்பதால், தேர்தல் அறிவிப்பு வரும்வரை காத்திருக்காமல் மூன்று நான்கு மாதம் முன்பே விண்ணப்பித்துவிடுங்கள்.

தமிழ்நாட்டில் 2025 நவம்பரில் தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்பு தீவிர திருத்தத்தில் பெயர் நீக்கப்பட்டிருந்தால், சாதாரணப் படிவம் 6-ஐ நிரப்பி "இங்கேயே குடியிருக்கிறேன்" என்று உறுதிமொழி தராதீர்கள். பொய் உறுதிமொழிக்கு ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் உண்டு. வெளிநாட்டில் இருப்பவருக்கு 6ஏதான் சரியான வழி. பழைய வாக்காளர் அட்டை கையில் இருந்தால் அதையும் ஒப்படைத்துவிட வேண்டும். வெளிநாடு வாழ் வாக்காளருக்குப் புது அட்டை தரமாட்டார்கள்.

வாக்களிக்க நேரில்தான் வர வேண்டும். தபால் வாக்கு, அரசுப் பணியில் வெளிநாட்டில் அமர்த்தப்பட்டவர்களைப் போன்ற சிலருக்கு மட்டுமே. 2024 மக்களவைத் தேர்தலில் பதிவு செய்திருந்த சுமார் 1.19 லட்சம் வெளிநாடு வாழ் வாக்காளர்களில் வந்து வாக்களித்தவர்கள் 2,958 பேர். அவர்களில் 2,670 பேர் கேரளத்துக்காரர்கள். விமானச் செலவு செய்து வர வேண்டும் என்பது இந்த உரிமையின் பெரிய குறை. ஆனாலும் பதிந்து வைத்திருந்தால்தான், விடுமுறையும் தேர்தலும் ஒன்றாக வரும் வருடத்தில் பயன்படும்.

வாக்குச்சாவடிக்கு அசல் பாஸ்போர்ட்டைக் கொண்டு போங்கள். ஆதாரோ நகலோ போதாது. உங்கள் பெயர் தெருவாரியான வரிசையில் இருக்காது, அந்தப் பாகத்தின், அதாவது அந்த வாக்குச்சாவடிக்கான பட்டியலின், கடைசிப் பிரிவில் தனியாக இருக்கும். அலுவலர் "பெயர் இல்லை" என்றால் கடைசிப் பக்கத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். பாகம் எண்ணையும் வரிசை எண்ணையும் முதல்நாளே இணையத்தில் பார்த்துக் குறித்துக்கொண்டால் தேட வைக்கும் வேலையே இல்லை.

ஊருக்கே திரும்பி வந்துவிட்டால் வாக்காளர் பதிவு அதிகாரிக்குத் தெரிவித்து, அப்போது படிவம் 6 கொடுத்து சாதாரண வாக்காளராக மாறிக்கொள்ளுங்கள்.