நன்கொடை டேப்லெட்: பள்ளியில் வைக்கும் முறை

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துப் பள்ளிகளுக்கான டேப்லெட் திட்டம் வெளிநாட்டு நன்கொடையில் நடந்தால், பணம் முதலில் பாரத ஸ்டேட் வங்கியின் புதுடெல்லி பிரதானக் கிளைக் கணக்குக்கே வர வேண்டும். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பின் அந்தப் பணத்தை வேறு அமைப்புக்குக் கைமாற்ற முடியாது; நிர்வாகச் செலவு 20 சதவீதத்துக்குள்.

இணையத்தை நம்பிப் பாடம் திட்டமிடாதீர்கள். ராஸ்பெர்ரி பை 4 என்ற சிறிய கணினி, 128 ஜிபி மெமரி கார்டு, இணையமின்றிப் பாடம் காட்டும் கோலிப்ரி மென்பொருள் போதும். 20 டேப்லெட்டுக்கு ராஸ்பெர்ரி பையின் சொந்த வைஃபை திணறும். தனி ரவுட்டர் வாங்குங்கள். கரண்ட் திடீரென்று போனால் கார்டில் உள்ளது கெடும், ஆகவே ராஸ்பெர்ரி பையை இன்வெர்ட்டரில் இணையுங்கள். கார்டுக்கு ஒரு நகலும் அவசியம்.

பெரிய சேதம் மே விடுமுறையில்தான். டேப்லெட்டுகளை முழு சார்ஜோடு தகரக்கூரை அறை பீரோவில் பூட்டினால் பேட்டரி உப்பி, பின்மூடி விரல்நகம் நுழையும் அளவுக்குப் பிளக்கலாம். அப்படி உப்பிய டேப்லெட்டைச் சார்ஜில் போடவே கூடாது. விடுமுறைக்கு முன் டேப்லெட்டுகளைப் பாதி சார்ஜில் அணைத்து, ஓட்டுவீட்டின் குளிர்ந்த உள்ளறையில் வையுங்கள்.