அந்த மனைக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

அடுக்குமாடித் திட்டம் ஒன்று கட்டுப்படியாகுமா என்று கணிக்கப் பழகுபவர், நில உரிமையாளர் சொல்லும் விலையிலிருந்து தொடங்காமல், விற்பனையிலிருந்து பின்னோக்கி வந்து நிலத்துக்குத் தாம் எவ்வளவு தரலாம் என்பதைக் கண்டறிய வேண்டும்.

சென்னை மடிப்பாக்கத்தில் 2 கிரவுண்டு, அதாவது 4,800 சதுர அடி மனை என்று வைத்துக்கொள்வோம். பட்டா, பத்திரம், நேரில் அளந்த அளவு ஆகிய மூன்றில் எது குறைவோ அதையே கணக்கில் கொள்ள வேண்டும். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019-இன்படி, உயர்மாடி வகையில் சேராத கட்டடத்துக்கு எஃப்.எஸ்.ஐ. (மனைப் பரப்பைப் போல் எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்ற அளவு) 2, எனவே 9,600 சதுர அடி வரை கட்டலாம். ஆனால் பக்கவாட்டு இடைவெளியும் வாகன நிறுத்தமும் போக அவ்வளவும் கிடைக்கிறதா என்பதை வரைபடம் போட்டுப் பார்த்தால்தான் தெரியும். சாலையின் அகலமும் இதைத் தீர்மானிப்பதால், அதைத் தரகர் சொல்லக் கேட்டு எழுதிக்கொள்ளாமல், குறுகலான இடத்தில் டேப் பிடித்து அளக்க வேண்டும்.

உதாரணமாக, சதுர அடி 9,000 ரூபாய்க்கு விற்றால் வரவு 8.64 கோடி. கட்டுமானத்துக்குச் சதுர அடிக்கு 3,000 வீதம் 2.88 கோடி, அனுமதிக் கட்டணம், வட்டி, விற்பனைச் செலவு ஆகியவற்றுக்கு வரவில் பத்து சதவீதமாக 86 லட்சம், லாபம் இருபது சதவீதமாக 1.73 கோடி. மிஞ்சும் 3.17 கோடியே, பத்திரச் செலவும் சேர்த்து, நிலத்துக்குத் தரக்கூடிய உச்சத் தொகை. விற்பனை விலை பத்து சதவீதம் சரிந்தால் லாபத்தில் ஏறத்தாழப் பாதி போய்விடும் என்பதால், விளம்பர விலைகளை நம்பாமல், அதே தெருவில் அண்மையில் பதிவான விற்பனைகளை விசாரிப்பது நல்லது.

வில்லங்கச் சான்றிதழை வழக்கறிஞரிடம் விட்டுவிடலாம்; வெள்ளத்தை அப்படி விட முடியாது. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டிய பகுதிகளில், 2015-லும் 2023 மிக்ஜாம் புயலின்போதும் தண்ணீர் எதுவரை நின்றது என்று எதிர்வீட்டாரிடம் கேட்டு, தரைமட்டத்தை உயர்த்தும் செலவையும் சேர்க்க வேண்டும். ரெரா எனப்படும் வீட்டுமனைத் துறை ஒழுங்குமுறைச் சட்டத்தின் பதிவுக்கு உட்பட்ட திட்டமானால், வாங்குவோர் தரும் தொகையில் 70 சதவீதம் தனிக் கணக்கில் இருக்க வேண்டும். அதை அந்தத் திட்டத்தின் நிலத்துக்கும் கட்டுமானத்துக்கும் மட்டுமே எடுக்கலாம் என்பதால், மாதவாரியான பண வரத்தையும் எழுதிப் பார்க்க வேண்டும்.

உரிமையாளர் விலையில் இறங்காமல், நிலத்துக்குப் பணம் வாங்காமல் கட்டடத்தில் பாதியை எடுத்துக்கொள்ளும் பாதிக்குப் பாதி கூட்டு ஒப்பந்தம் என்று சொன்னாலும் இதே கணக்குதான்: கட்டுநரின் பங்கு 4.32 கோடி, செலவு 3.74 கோடி. வட்டி சற்றுக் குறையும் என்றாலும், மிஞ்சுவது சுமார் 58 லட்சம். ஆறு மாதத் தாமதத்தைக்கூட அது தாங்குவது கடினம்.