கம்பைலரை மாற்றியதும் விடை மாறுகிறதா?

ஜிசிசி (GCC) என்ற கம்பைலரைப் புதுப்பித்த பிறகு உங்கள் சி புரோகிராம் வேறு விடை தருகிறதா? கம்பைலர்மேல் உடனே பழி போடாதீர்கள். பெரும்பாலும் நம் கோடில்தான் ஏதாவது ஒளிந்திருக்கும்.

எந்த ஃபைலில் என்று கண்டுபிடிக்க, பழைய கம்பைலரில் ஒரு முறை, புதியதில் ஒரு முறை என ஆப்ஜெக்ட் ஃபைல்களை (ஒவ்வொரு சோர்ஸ் ஃபைலையும் கம்பைல் செய்தால் கிடைப்பவை) உருவாக்கி வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் பாதி பழையது, பாதி புதியது எனக் கலந்து லிங்க் செய்து, அதாவது ஒரே புரோகிராமாக இணைத்து, ஓட்டிப் பாருங்கள். தப்பு வந்தால் குற்றவாளி புதிய பாதியில் இருக்கிறது, வராவிட்டால் மற்றதில். அந்தப் பாதியை மறுபடி இரண்டாக்குங்கள். ஆயிரம் ஃபைல் இருந்தாலும் பத்துச் சுற்றுதான். சிக்கிய ஃபைலை யூபிசான் (UBSan, சி மொழி விதிகளை மீறும் இடங்களை ஓடும்போதே பிடிக்கும் கம்பைலர் வசதி) சேர்த்து கம்பைல் செய்து ஓட்டினால், இன்டிஜர் ஓவர்ஃப்ளோ (முழு எண் அதன் வரம்பைத் தாண்டுவது) போன்றவை வரி எண்ணோடு வெளிவரும்.

சி++ என்றால் கவனம்: ஜிசிசி 5-இல் (2015) ஸ்ட்ரிங்கின் உள்ளமைப்பே மாறியது. அதற்கு முந்தைய ஃபைல்களோடு கலந்தால் லிங்க்கே ஆகாமல் போகலாம்.