ஆட்டோ கட்டர் வந்தும் அளவு தவறுகிறதா? கட்டிங் ஹாலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கம்ப்யூட்டரில் பேட்டர்ன் (ஆடையின் ஒவ்வொரு பாகத்துக்குமான அளவு வடிவம்), துணி அடுக்கைத் தானாக வெட்டும் ஆட்டோ கட்டரில் வெட்டு. இனி அளவுப் பிரச்சினையே வராது என்ற நம்பிக்கையில்தான் பல கம்பெனிகள் பெரிய கடன் எடுத்து இந்த மிஷினை வாங்குகின்றன. கொஞ்ச நாளில் பழைய புகார்கள் திரும்ப வரும்: சைடு சீம் முறுக்குகிறது, கழுத்தில் வரும் ரிப் பட்டை பத்தவில்லை, ஒரே பண்டலில் மேல் பீஸும் கீழ் பீஸும் சேரவில்லை. சர்வீஸ் ஆளைக் கூப்பிட்டால், அவர் பார்த்துவிட்டு, கொடுத்த ஃபைலை மிஷின் அப்படியே வெட்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

அவர் சொல்வது சரிதான். சிக்கலும் அங்கேதான் இருக்கிறது. கையால் வெட்டிய காலத்தில், துணி ஒரு பக்கம் இழுத்திருந்தால் கட்டிங் மாஸ்டர் கத்தியைக் கொஞ்சம் தள்ளிப் பிடிப்பார். பேட்டர்னில் கழுத்து வளைவு உடைந்திருந்தால் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுச் சரிசெய்துவிடுவார். இதையெல்லாம் யாரும் நோட்டில் எழுதி வைக்கவில்லை, அவருக்குத் தனியாகச் சம்பளம் கொடுக்கவும் இல்லை. மிஷின் வந்ததும் அந்தத் திருத்தம் காணாமல் போகிறது. கீழே சொல்லும் தவறுகளில் பெரும்பாலானவை இதிலிருந்து வருபவை.

ஃபைல் மாறும்போது

பையர் ஒரு மென்பொருளில் பேட்டர்ன் அனுப்புவார், நம்மிடம் வேறொன்று இருக்கும். அக்யூமார்க், மோடாரிஸ், ஆப்டிடெக்ஸ், டூகாகேட் என்று ஆளுக்கொன்று. 2021-இல் அக்யூமார்க்கின் ஜெர்பர் டெக்னாலஜியை மோடாரிஸின் லெக்ட்ரா வாங்கிய பிறகும் இரண்டும் தனித்தனி மென்பொருள்களாகத்தான் புழங்குகின்றன. அதனால் டிஎக்ஸ்எஃப் என்ற பொது வடிவ ஃபைலாக மாற்றித்தான் பரிமாற்றம் நடக்கிறது. இன்ச், மில்லிமீட்டர் குழப்பம் வந்தால் பேட்டர்ன் 25.4 மடங்கு பெரிதாகவோ சிறிதாகவோ வந்து நிற்கும். அது கண்ணில் பட்டுவிடும், பயமில்லை.

கண்ணில் படாதவைதான் ஆபத்து. கை சேரும் ஆர்ம்ஹோல் வளைவில் இருந்த புள்ளிகள் குறைந்து, வளைவு லேசாகத் தட்டையாகிவிடும். திரையில் அழகாகத்தான் தெரியும். அளந்தால் சில மில்லிமீட்டர் மாறியிருக்கும். நாட்ச் (பீஸ்களைப் பொருத்த ஓரத்தில் வைக்கும் அடையாள வெட்டு) ஒன்றிரண்டு விழுந்துபோகும். அதைவிட அடிக்கடி நடப்பது, சீம் அலவன்ஸ் (தையலுக்கு விடும் ஓரம்) ஏற்கெனவே சேர்ந்திருக்கும் பேட்டர்னுக்கு இங்கே இன்னொரு முறை சேர்ப்பது. ஒரு சைஸிலிருந்து மற்ற சைஸ்களை எடுக்கும் கிரேடிங் விதிகள் பெரும்பாலும் தனி ஃபைலாக வரும். அது இணையாமல் போனால் மீடியம் மட்டும் சரியாக இருக்கும், டபுள் எக்ஸ்எல் எங்கேயோ இருக்கும்.

ஒவ்வொரு ஃபைலிலும் 10 செ.மீ. சதுரம் ஒன்றைத் தனி பீஸாகச் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள். திறந்தவுடன் அதை அளந்தால் அளவுகோல் சரியா என்பது தெரிந்துவிடும். அப்புறம் எல்லா சைஸிலும் ஆர்ம்ஹோலையும் ஸ்லீவ் கேப்பையும் (கையின் மேல் வளைவு), கழுத்தையும் ரிப்பையும் அளந்து ஒப்பிட வேண்டும். ஒரு சைஸ் மட்டும் பார்த்துவிட்டு விடுவது பார்க்காததற்குச் சமம்.

ஷ்ரிங்கேஜ்

திருப்பூரில் ஆர்டர் கெடுவதற்கு என்ன காரணம் என்று என்னைக் கேட்டால் முதலில் துணி சுருங்கும் இந்த ஷ்ரிங்கேஜைத்தான் சொல்வேன். பின்னல் துணி துவைத்தால் சுருங்கும், நீளத்தில் ஒரு மாதிரி, அகலத்தில் ஒரு மாதிரி. டையாவை (துணி அகலத்தை) கொஞ்சம் இழுத்து, துணியை அழுத்திச் சீராக்கும் காம்பாக்டிங் செய்திருந்தால் அகலச் சுருக்கம் கூடும். மென்பொருளில் இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம் இருக்கும். அவசரத்தில் இரண்டிலும் ஒரே எண்ணைப் போட்டுவிட்டுப் போவார்கள்.

கணக்கிலும் ஒரு சின்ன ஓட்டை உண்டு. துவைத்த பிறகு 70 செ.மீ. நீளம் வேண்டும், துணி 6 சதவீதம் சுருங்கும் என்று வையுங்கள். பலர் 70-உடன் 6 சதவீதம் கூட்டி 74.2 போடுவார்கள். அது சுருங்கி 69.75-இல் நிற்கும். 70-ஐ 0.94-ஆல் வகுக்க வேண்டும்: 74.5 வரும். இங்கே வித்தியாசம் கால் சென்டிமீட்டர்தான், டாலரன்ஸில் (அனுமதித்த வித்தியாசத்தில்) போய்விடும். 10 சதவீதம் சுருங்கும் துணியில் இதே தவறு 7 மி.மீ. குறைத்துவிடும். சில மென்பொருள்கள் வகுக்கும், சில கூட்டும். உங்களுடையது எதைச் செய்கிறது என்று 100 செ.மீ. கோடு ஒன்றை வரைந்து ஒரு தடவை சோதித்துவிடலாம்.

இதைவிட மோசமானது, பேட்டர்ன் மாஸ்டர் ஷ்ரிங்கேஜ் சேர்த்துக் கொடுத்தது தெரியாமல் மார்க்கர் (துணியில் எந்த பீஸ் எங்கே என்ற வரைபடம்) போடுபவர் மறுபடி சேர்ப்பது. 74.5 செ.மீ. பீஸ் 79 செ.மீ. தாண்டிவிடும். ஃபைல் பெயரிலேயே ‘ஷ்ரிங்கேஜ் சேர்த்தது, நீளம் 6, அகலம் 4’ என்று எழுதிவிட்டால் இந்தச் சண்டை வராது.

துணிக்கு ஓய்வும் தேவை. லைக்ரா கலந்த துணியை ரோலிலிருந்து பிரித்து ஒரு நாளாவது தளர விட வேண்டும். டெலிவரி நெருக்கத்தில் ரோலை நேரே, துணியை மேஜையில் விரிக்கும் ஸ்ப்ரெடரில் ஏற்றுகிறார்கள். ஸ்ப்ரெடரின் இழுவையும் சேர, லே (வெட்டுக்கான துணி அடுக்கு) போட்ட பிறகு மேஜையிலேயே துணி சுருங்க ஆரம்பிக்கும். இதைக் கண்டுபிடிக்கத் தனிக் கருவி வேண்டாம். லேயின் முடிவில் மேஜையில் ஒரு கோடு போட்டு, அரை மணி நேரம் கழித்து வந்து பாருங்கள். துணி கோட்டை விட்டு உள்ளே போயிருந்தால் அந்த லேயை வெட்டாதீர்கள்.

மார்க்கர் எஃபிஷியன்சி என்ற போதை

பீஸ்களை நெருக்கி அடுக்கும் நெஸ்டிங் மென்பொருள், துணியில் எவ்வளவு பயன்படுகிறது என்ற சதவீதத்தைத் திரையின் மூலையில் காட்டிக்கொண்டே இருக்கும். 86.2, 86.4, 86.5 என்று அது ஏறும்போது முதலாளிக்கு வரும் சந்தோஷம் தனி. ஆனால் அந்த எண்ணை ஏற்ற மென்பொருள் என்ன செய்தது என்று பார்க்க வேண்டும். பீஸ்களை ஓரிரு டிகிரி சாய்த்திருக்கும், சிலதைத் திருப்பிப் போட்டிருக்கும், இடைவெளியே இல்லாமல் ஒட்டியிருக்கும். சிங்கிள் ஜெர்சி ஏற்கெனவே துவைத்தால் முறுக்கிக்கொள்ளும் துணி. அதில் பாடி பீஸைச் சாய்த்தால் சைடு சீம் வயிற்றுப் பக்கம் வந்து நிற்கும். வெல்வெட், பிரஷ் செய்த ஃப்ளீஸ் மாதிரி ரோமம் ஒரு பக்கம் சாயும் துணியில் பீஸைத் தலைகீழாகப் போட்டால், ஒரே சட்டையில் இரண்டு நிறம் மாதிரித் தெரியும். பாடிக்குச் சாய்வு பூஜ்யம், உள்ளே மறையும் சின்ன பீஸுக்கு மட்டும் கொஞ்சம் என்று பீஸ் வாரியாக அனுமதி கொடுங்கள். மென்பொருளோடு வந்த அமைப்பை அப்படியே விடக் கூடாது.

இடைவெளி விஷயம் கத்தியைப் பொறுத்தது. மேலும் கீழும் அதிரும் கத்தி வளைவில் திரும்ப இடம் வேண்டும். ஒட்டிய பீஸ்களில் ஒன்றை வெட்டும்போது பக்கத்துப் பீஸின் மூலையில் கீறல் விழும்.

திரையின் மூலையில் ஏறும் அந்த 0.3 சதவீதத்தைத் துரத்துபவர்கள் லேயின் ஓரத்தைப் பார்ப்பதில்லை. 5 மீட்டர் லேயில் ஒவ்வொரு அடுக்குக்கும் இரு முனையிலும் 2 செ.மீ. கூடுதலாக விட்டால் 4 செ.மீ. போகிறது. அதுவே 0.8 சதவீதம். ரோல் அகலமும் அப்படித்தான். 174, 176, 178 செ.மீ. என்று ரோல்கள் வந்திருக்க, எல்லாவற்றுக்கும் 176-இல் ஒரே மார்க்கர் போட்டால் 174 ரோலில் ஓரப் பீஸ்கள் வெட்டுப்பட்டு வரும். பயந்துகொண்டு எல்லாவற்றுக்கும் 174 போட்டால் 178 ரோலில் இரண்டு சதவீதத்துக்கு மேல் வீண். ரோல்களை அளந்து அகலவாரியாகப் பிரித்து இரண்டு மூன்று மார்க்கர் போடுவதுதான் வழி. சலிப்பான வேலை, லாபம் அதில்தான்.

கத்தி, காற்று, காகிதம்

துணி அடுக்கைக் காற்று உறிஞ்சி அழுத்திப் பிடிப்பதால்தான் பல அடுக்கு வெட்டு சாத்தியமாகிறது. கீழே துளைக் காகிதம், மேலே பாலிதீன். காசை மிச்சப்படுத்த பழைய பாலிதீனையே திரும்பப் போடுவார்கள். கிழிசல் வழியே காற்று கசிந்து அடுக்கு நெகிழும், கத்தி வளையும், மேல் ப்ளையும் அடி ப்ளையும் (ப்ளை என்றால் ஒரு துணி அடுக்கு) வேறு அளவில் வரும். வெட்ட வெட்ட வெட்டுக்கோடுகள் வழியாகவும் காற்று கசியும் என்பதால் சின்ன பீஸ்களை முதலில் வெட்டுவது நல்லது.

பாலியெஸ்டர் துணியில் கத்தி சூடேறினால் ஓரங்கள் உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். வேகத்தைக் குறைத்து, அடுக்கையும் குறைக்க வேண்டும், வேறு குறுக்குவழி இல்லை. நாட்ச் ஆழத்தையும் பாருங்கள். 6 மி.மீ. சீமில் 5 மி.மீ. நாட்ச் வெட்டினால் தைத்த பிறகு ஓட்டையாகத் தெரியும், 3 மி.மீ. போதும்.

தோலுக்கு இந்தக் கணக்கு செல்லாது

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் ஷூவின் மேல்பாகமான அப்பர் வெட்டுபவர்கள் துணி மென்பொருளின் பழக்கத்தை அப்படியே தோலுக்குக் கொண்டுவரும்போது பெரிய நஷ்டம் வருகிறது. தோலை அடுக்க முடியாது. ஒவ்வொன்றும் ஒரு வடிவம், ஒரு தழும்பு. முதுகுப் பகுதி இறுக்கம், வயிற்றுப் பகுதி தொளதொளவென்று இழுபடும். பரப்பை மட்டும் பார்த்து நெஸ்டிங் செய்தால் மென்பொருள் சந்தோஷமாக வேம்ப்பை (ஷூவின் முன்பாகத்தை) வயிற்றில் கொண்டுபோய் வைக்கும். அந்த ஷூ லாஸ்டில் (கால் வடிவ அச்சில்) ஏற்றும்போதே கோணும். வேம்ப்பில் இழுபடாத திசை விரல் நுனியிலிருந்து குதிகால் நோக்கி ஓட வேண்டும் என்பது பழைய கிளிக்கிங் (தோல் வெட்டும்) ஆட்களுக்குக் கையிலேயே தெரியும். தோலின் இரு பக்கத்தையும் பிடித்து இழுத்துப் பார்த்து வைப்பார்கள்.

தோலைப் படம்பிடித்து வெட்டும் கேமரா கட்டரில் அந்த அறிவைத் தரப் பகுதிகளாகவும் திசைக் கோடுகளாகவும் மனிதர்தான் உள்ளே கொடுக்க வேண்டும். டிக் கடி, நரம்புத் தடம், ஆறிய காயம் எல்லாவற்றையும் குறிக்க வேண்டும். இந்த இடத்தில் புதுப் பையனை உட்காரவைத்துவிட்டு, இருபது வருட கிளிக்கரை வீட்டுக்கு அனுப்புவதைவிட மோசமான சிக்கனம் இல்லை. குறிக்கும் மேஜையில் அவரைத்தான் உட்காரவைக்க வேண்டும். வலது, இடது ஜோடியை ஒரே தோலில் பக்கத்துப் பக்கத்திலேயே எடுக்கும்படி மென்பொருளில் கட்டாயப்படுத்துங்கள். ஆட்டுத் தோல் சுமார் 5 சதுர அடிதான் இருக்கும். ஜோடி தோல் மாறினால் நிறமும் மாறும்.

லேசரைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ரெக்ஸின் என்ற பெயரில் வரும் பிவிசி துணியை லேசரில் வெட்டவே கூடாது. எரியும்போது ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். நுரையீரலையும் அரிக்கும், மிஷினையும் அரிக்கும். குரோம் பதனிட்ட தோலிலும் யோசித்துச் செய்ய வேண்டும். ஓரம் கருகுவது ஒரு பக்கம். அதிக வெப்பத்தில் குரோமியம் நச்சான ஆறாம் நிலைக்கு (குரோமியம் VI) மாற வாய்ப்பு உண்டு. உடலில் படும் தோல் பொருள்களில் அது கிலோவுக்கு 3 மி.கிராம் அளவை எட்டக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2015 மே முதல் விதித்திருக்கிறது. சரக்கு ஐரோப்பாவுக்குப் போவதாக இருந்தால் வெட்டிய ஓரத்தோடு சாம்பிளைச் சோதனைக்கு அனுப்புங்கள்.

வாங்கும் முன்பே

டெமோவில் விறைப்பான பாப்ளின் துணியை வெட்டிக் காட்டுவார்கள். அதை எந்த மிஷினும் அழகாக வெட்டும். உங்கள் கோடவுனில் இருப்பதிலேயே தொல்லை தரும் லைக்ரா ஜெர்சியையும், தழும்பு நிறைந்த இரண்டாந்தரத் தோலையும் கையோடு கொண்டுபோங்கள். அவர்கள் சொல்லும் முழு உயரத்துக்கு அடுக்கி வெட்டச் சொல்லி, மேல், நடு, அடி ப்ளைகளை எடுத்து உங்கள் அட்டைப் பேட்டர்னோடு நீங்களே வைத்துப் பாருங்கள். துளைக் காகிதம், பாலிதீன், கத்தி, கம்ப்ரஸர் மின்சாரம் எல்லாம் சேர்த்து ஒரு பீஸுக்கு என்ன செலவு என்று எழுதி வாங்குங்கள். முந்நூறு, நானூறு பீஸ் ஆர்டர்களே அதிகம் எடுக்கும் கம்பெனி என்றால், அந்தக் கணக்கைப் பார்த்த பிறகு, பேட்டர்னும் மார்க்கரும் மட்டும் மென்பொருளில் வைத்துக்கொண்டு வெட்டுக்குக் கையால் ஓட்டும் ஸ்ட்ரெய்ட் நைஃப் போதும் என்ற முடிவுக்குக்கூட வரலாம்.