எந்த கோடு, எந்த எடிஷன்? வெல்டிங் இன்ஸ்பெக்ஷன்ல தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு வெல்டைக் காட்டி இது பாஸா ரிஜெக்டானு யாராவது கேட்டா, அளவு பார்க்குற கேஜை எடுக்கறதுக்கு முன்னாடியே எந்த கோடு (வெல்டிங் விதிப் புத்தகம்) படின்னு கேட்கணும். இதைக் கேட்காம பதில் சொல்றதுதான் இந்த வேலையில நடக்குற பெரிய தவறு, மத்த தவறு பாதி இதுல இருந்துதான் வருது.

0.9 மிமீ ஆழ அண்டர்கட் (வெல்டு ஓரத்துல உருகி நிரம்பாம விட்ட பள்ளம்) ஒண்ணு இருக்குன்னு வச்சுக்குவோம். அமெரிக்க வெல்டிங் சங்கத்தோட (ஏடபிள்யூஎஸ்) ஸ்டீல் ஸ்ட்ரக்சர் கோடான டி1.1ல சாதாரண ஸ்டாட்டிக் லோடு வர்ற ஸ்ட்ரக்சர், பிளேட் 25 மிமீக்குக் கீழ, அப்ப லிமிட் 1 மிமீ, பாஸ். அதே டி1.1லயே லோடு மாறி மாறி வர்ற இடம், முக்கியமான மெம்பர், இழுவிசைக்குக் குறுக்க ஓடுற வெல்டுன்னா லிமிட் 0.25 மிமீதான், ரிஜெக்ட். பைப்லைனுக்கான ஏபிஐ 1104ல 0.8 மிமீ தாண்டினாலே ரிஜெக்ட். பிராசஸ் பைப்பிங் பி31.3ல நார்மல் சர்வீஸ்னா 1 மிமீ, ஆனா சுவர் தடிமன்ல கால் பங்கையும் தாண்டக் கூடாது, அதனால 6 மிமீ பைப்ல பாஸ் ஆகுற அதே அண்டர்கட் 3 மிமீ பைப்ல ரிஜெக்ட் ஆயிடும். வெல்டு மாறல, அண்டர்கட் மாறல, தீர்ப்பு மட்டும் மாறுது. அதனால "என் அனுபவத்துல இது ஓகே"ன்னு சொல்றதுக்கு இங்க இடமே கிடையாது.

அடுத்த குழப்பம் ஏஎஸ்எம்இ (அமெரிக்க மெக்கானிக்கல் இன்ஜினியர்கள் சங்கம்) கோடோட செக்‌ஷன் 9. ரிப்போர்ட்ல "வெல்ட் ஆஸ் பெர் செக்‌ஷன் 9 அக்செப்டட்"னு எழுதுறவங்க நிறைய பேர். செக்‌ஷன் 9 சொல்றது புரொசீஜரையும் வெல்டரையும் எப்படி குவாலிஃபை பண்றதுன்னு மட்டும்தான். டெஸ்ட் கூப்பனை (சோதனைக்குப் போட்ட வெல்டு துண்டு) எப்படி ஜட்ஜ் பண்றதுன்னு அதுல இருக்கு, ஆனா புரொடக்ஷன்ல போட்ட ஜாயிண்டை எடுக்கலாமா தள்ளலாமான்னு அது சொல்லாது. அதுக்கு பிரஷர் வெசல்னா செக்‌ஷன் 8, பைப்பிங்னா பி31.3 மாதிரி கன்ஸ்ட்ரக்ஷன் கோடுக்குத்தான் போகணும்.

எடிஷன் விஷயம் சின்னதா தெரியும், ஆனா நிறைய சண்டை இதுலதான் வருது. டி1.1ல விஷுவல் அக்செப்டன்ஸ் டேபிள் 2015 எடிஷன்ல 6.1, 2020 எடிஷன்ல கிளாஸ் (விதிப் பிரிவு) நம்பர் எல்லாம் தள்ளிப் போய் அதே டேபிள் 8.1 ஆயிடுச்சு. பழைய நம்பரை மனப்பாடமா எழுதிட்டு வந்தா கிளையண்ட் புத்தகத்தைத் திறந்து பார்த்து அங்க அது இல்லையேன்னு கேட்பார். புதுசா வந்த எடிஷன்தான் எப்பவும் செல்லும்னு நினைக்கிறதும் தப்பு, கான்ட்ராக்ட்ல எந்த வருஷ எடிஷன் போட்டிருக்காங்களோ அதுதான் அந்த வேலைக்கு. கான்ட்ராக்ட் ஸ்பெசிஃபிகேஷன் கோடை விட கடுமையா இருந்தா அதையும் சேர்த்துத்தான் பார்க்கணும். டி1.1 பின்னாடி வர்ற கமெண்டரி பகுதி ரொம்ப உபயோகமானது, படிங்க, ஆனா அது விளக்கம்தான், அதை வச்சு ரிஜெக்ட் பண்ண முடியாது.

இப்ப பேப்பர் பக்கம் வருவோம். டபிள்யூபிஎஸ், பிக்யூஆர், வெல்டர் குவாலிஃபிகேஷன் மூணையும் ஒண்ணா போட்டுக் குழப்பிக்கிறவங்க இன்னும் இருக்காங்க. பிக்யூஆர்ங்கிறது டெஸ்ட் பீஸ் வெல்டு பண்ணப்ப நிஜமா என்ன ஆம்பியர், என்ன வோல்டேஜ், என்ன பிரீஹீட் இருந்துச்சு, லேப்ல இழுத்தும் வளைச்சும் பார்த்தப்ப என்ன ரிசல்ட் வந்துச்சுங்கிற பதிவு, அது நடந்து முடிஞ்ச விஷயம், பிறகு உட்கார்ந்து மாத்துறதுக்கு இல்ல. டபிள்யூபிஎஸ் அந்த ஆதாரத்தை வச்சு வெல்டருக்குக் கொடுக்குற வழிமுறை. நான்‌-எசென்ஷியல் வேரியபிள் மாறினா டபிள்யூபிஎஸ்ஸை ரிவைஸ் பண்ணிக்கலாம், எசென்ஷியல் வேரியபிள் (வெல்டோட பலத்தையே பாதிக்கிற அம்சம்) பிக்யூஆர் ரேஞ்சைத் தாண்டி மாறினா புதுசா டெஸ்ட் போட்டே ஆகணும். சப்ளிமெண்டரி எசென்ஷியல் வேரியபிள்னு ஒண்ணு இருக்கு, அது இம்பாக்ட் டெஸ்ட் (அடிச்சு உடைச்சு எவ்வளவு தாங்குதுன்னு பார்க்குறது) கேட்கிற வேலைக்கு மட்டும் உயிர் பெறும், ஹீட் இன்புட் (வெல்டோட ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் போற சூடு) அதுல முக்கியமானது. லோ டெம்பரேச்சர் சர்வீஸ் வேலையில இதைப் பார்க்காம விட்டுட்டு கடைசி டாக்குமெண்ட் ரிவ்யூல மாட்டிக்கிட்டா, வெல்டு முடிஞ்ச ஜாயிண்ட்டுக்கு அப்புறம் பிக்யூஆர் தேடி அலையணும், அது யாருக்கும் வேண்டாம்.

ஹீட் இன்புட்டுன்னதும் இன்னொண்ணு. 25 வோல்ட், 120 ஆம்பியர், நிமிஷத்துக்கு 150 மிமீ வேகம்னா ஏஎஸ்எம்இ ஃபார்முலா படி மில்லிமீட்டருக்கு 1.2 கிலோஜூல் வரும். ஐரோப்பிய இஎன் 1011 முறையில தெர்மல் எஃபிஷியன்சி ஃபேக்டர் பெருக்கணும், ராடு வெல்டிங்குக்கு அது 0.8, அப்ப அதே வெல்டுக்கு 0.96தான். ஒரு முறையில கணக்கு போட்டு இன்னொரு முறையில எழுதின லிமிட்டோட ஒப்பிட்டா தப்பான வெல்டை சரின்னும் சரியான வெல்டைத் தப்புன்னும் சொல்லிடுவோம்.

வெல்டர் பக்கம் அதிகமா கேட்கிற வசனம் "அவர் 6ஜி பாஸ், எல்லாம் பண்ணலாம்". 6ஜிங்கிறது பைப்பை 45 டிகிரி சாய்ச்சு, சுத்தாம வச்சு கொடுக்குற டெஸ்ட், அது க்ரூவ் வெல்டுல (ரெண்டு முனைக்கு நடுவுல இருக்குற பள்ளத்தை நிரப்புறது) எல்லா பொசிஷனையும் கவர் பண்ணும், உண்மைதான், ஆனா அது பொசிஷன் மட்டும். செக்‌ஷன் 9 படி 6 இஞ்ச் பைப்ல டெஸ்ட் கொடுத்தவருக்கு வெளி விட்டம் 73 மிமீல இருந்து மேலதான் அனுமதி, 2 இஞ்ச் பைப் 60.3 மிமீ, அது கவர் ஆகாது. தடிமன் பார்த்தா பொதுவா டெபாசிட் பண்ண வெல்டு மெட்டலோட ரெண்டு மடங்கு வரைக்கும், 13 மிமீ அல்லது அதுக்கு மேல குறைஞ்சது மூணு லேயர் போட்டிருந்தாதான் லிமிட் இல்லாம கிடைக்கும். இதுக்கு மேல எஃப் நம்பர் (ராடு எந்த வகைங்கிற குரூப் நம்பர்), பேக்கிங் (வெல்டுக்கு அடியில வைக்கிற தாங்கு பட்டை) இருக்கா இல்லையா, மேல் நோக்கிப் போட்டாரா கீழ் நோக்கிப் போட்டாராங்கிறது எல்லாம் தனித்தனியா பார்க்கணும். இ6010 ராடு எஃப்3, இ7018 எஃப்4, ரூட் ஒண்ணுல ஃபில்லிங் ஒண்ணுல போட்டா ரெண்டுக்கும் எவ்வளவு தடிமன் போட்டார்னு தனியா எழுதணும்.

கன்டின்யூட்டி லாக் (வெல்டர் தொடர்ந்து வேலை பண்றார்ங்கிற பதிவு) கையெழுத்தைப் பத்தி மனசுல பட்டதைச் சொல்லிடறேன். செக்‌ஷன் 9 படி ஒரு பிராசஸ்ல ஆறு மாசம் வெல்டு பண்ணலைன்னா அந்த பிராசஸ்ல அவரோட குவாலிஃபிகேஷன் காலாவதி. பிராசஸ் வாரியாதான் கணக்கு, டிக் (TIG) வெல்டிங் மட்டும் பண்ணிட்டே இருந்தா ராடு வெல்டிங் குவாலிஃபிகேஷன் தானா உயிரோட இருக்காது. டி1.1லயும் ஆறு மாச கணக்கு இருக்கு. வெல்டர் குவாலிஃபிகேஷனுக்கான ஐஎஸ்ஓ 9606-1ல ஆறு மாசத்துக்கு ஒரு தடவை உறுதிப்படுத்துறதோட, எந்த முறையைத் தேர்ந்தெடுத்தாங்கங்கிறதைப் பொறுத்து ரெண்டு வருஷத்துலயோ மூணு வருஷத்துலயோ ரீவேலிடேஷனும் வேண்டி வரலாம். மாசக் கடைசியில மொத்தமா உட்கார்ந்து, அந்த வெல்டர் எந்த ஜாயிண்ட் போட்டார்னு கூட பார்க்காம கையெழுத்து போடுறது ஃபார்மாலிட்டி இல்லைங்க, பொய் ரெக்கார்டு. அந்த ஜாயிண்ட் பக்கத்துல நின்னு வேலை பார்க்கப் போற மனுஷங்க அந்தக் கையெழுத்தை நம்பித்தான் நிக்கிறாங்க.

சர்டிஃபிகேஷன் பக்கம் வந்தா, ஏடபிள்யூஎஸ் கொடுக்குற சிடபிள்யூஐ (சர்டிஃபைடு வெல்டிங் இன்ஸ்பெக்டர்) எக்ஸாம் மூணு பார்ட், அடிப்படை, பிராக்டிகல், கோடு புக். ஒவ்வொண்ணுலயும் தனித்தனியா 72 சதவீதம் வேணும், ஒண்ணுல 95 வாங்கி இன்னொண்ணுல வந்த 65ஐ சரிக்கட்ட முடியாது. கோடு பார்ட் ஓபன் புக்னு கேட்டதும் அசால்ட்டா விடுறவங்கதான் அங்க அடி வாங்குறாங்க, ஏன்னா நேரம் பத்தாது, புத்தகத்துல எது எங்க இருக்குன்னு விரலுக்குத் தெரிஞ்சிருக்கணும், டேபிளுக்கு அடியில இருக்குற ஃபுட்நோட்டைப் படிக்காம விட்டா பதில் மாறிடும். பிராக்டிகல்ல வேற மாதிரி தவறு நடக்கும். அங்க கையில கொடுக்குற ஸ்பெசிஃபிகேஷன் புக்கை வச்சுத்தான் ஜட்ஜ் பண்ணணும், வருஷக்கணக்கா சைட்ல பழகின லிமிட்டைப் போட்டா தப்பாயிடும், அனுபவஸ்தங்களே இதுல தடுமாறுவாங்க. கண் டெஸ்ட்டையும் கடைசி நிமிஷத்துக்குத் தள்ளாதீங்க, 12 இஞ்ச் தூரத்துல ஜேகர் ஜே2 அளவு சின்ன எழுத்து படிக்கத் தெரியணும், கண்ணாடி போட்டுக்கலாம்.

வாங்கினதுக்கு அப்புறம் மறந்துடறதும் நடக்குது. சிடபிள்யூஐ மூணு வருஷத்துக்கு ஒரு தடவை ரினியூவல், ஒன்பதாவது வருஷம் ரீசர்டிஃபிகேஷன். பிரிட்டன்ல இருந்து வர்ற வெல்டிங் இன்ஸ்பெக்டர் சர்டிஃபிகேட்டான சிஸ்விப் 3.1 அஞ்சு வருஷம் செல்லும். ரெண்டும் வேற வேற அமைப்பு, வேற வேற விதி, ஒண்ணோட விதியை இன்னொண்ணுக்குப் போடாதீங்க, வேலைக்கு அப்ளை பண்றதுக்கு முன்னாடி அந்த புராஜெக்ட் எதைக் கேட்குதுன்னு பாருங்க. இன்னொரு முக்கியமான விஷயம், இந்த சர்டிஃபிகேட் இருக்குங்கிறதுக்காக யூடியோ (அல்ட்ராசானிக் டெஸ்ட்) ஆர்டியோ (எக்ஸ்ரே மாதிரி ரேடியோகிராஃபி) பண்ணி ரிப்போர்ட்ல கையெழுத்து போட முடியாது. அதுக்கு எஸ்என்டி-டிசி-1ஏ (இந்த டெஸ்ட் பண்றவங்களுக்கான அமெரிக்க வழிகாட்டி) படி கம்பெனி கொடுக்குற லெவல் 2 இல்லைன்னா ஐஎஸ்ஓ 9712 மாதிரி தனி குவாலிஃபிகேஷன் வேணும்.

இனி சைட் வேலை. வெல்டு முடிஞ்சு பெயிண்ட் அடிக்கப் போற நேரத்துல வந்து பார்க்குறது இன்ஸ்பெக்ஷன் இல்ல. ரூட் கேப் (அடியில விடுற இடைவெளி), ஹை-லோ (ரெண்டு பக்கமும் ஏற இறங்க இருக்குறது), பெவல் (முனைச் சரிவு), டேக் (பிடிப்புக்குப் போடுற சின்ன வெல்டு) இதெல்லாம் மூடுறதுக்கு முன்னாடிதான் கண்ணுக்குத் தெரியும். பிரீஹீட்டை ஜாயிண்ட் ஓரத்துல மட்டும் டார்ச் காட்டி டெம்பரேச்சர் சாக்குல ஒரு கோடு போட்டுட்டு முடிக்கிறாங்க, டி1.1 கேட்கிறது வெல்டு பண்ற இடத்தைச் சுத்தி எல்லாப் பக்கமும் தடிமன் அளவுக்கு, குறைஞ்சது 75 மிமீ வரைக்கும் அந்தச் சூடு இருக்கணும்னு. இ7018 ராடை காலையில பாக்கெட் பிரிச்சு சாயங்காலம் வரைக்கும் திறந்து வச்சு யூஸ் பண்றதும் அடிக்கடி பார்க்குற ஒண்ணு. வெளிய எடுத்து நாலு மணி நேரம்தான், வைக்கிற ஓவன் குறைஞ்சது 120 டிகிரி செல்சியஸ்ல இருக்கணும், நேரம் தாண்டினா 260ல இருந்து 430 டிகிரிக்குள்ள ரெண்டு மணி நேரம் ஓவன்ல வச்சு பேக் (bake) பண்ணணும், அதுவும் ஒரே ஒரு தடவை. நனைஞ்ச ராடுன்னா பேக் பண்ணிக்கூட யூஸ் பண்ணக் கூடாது. ஈரத்துல இருந்து வர்ற ஹைட்ரஜன் உடனே கிராக் ஆக்காது, மெதுவா வெல்டு ஓரத்துல சேர்ந்து பிறகுதான் வெடிக்கும், அதனாலதான் ஏ514 மாதிரி ஹை ஸ்ட்ரெந்த் ஸ்டீலுக்கு டி1.1 வெல்டு முடிஞ்சு 48 மணி நேரம் கழிச்சு பார்க்கச் சொல்லுது. முடிஞ்ச உடனே பார்த்து பாஸ் போட்டா அந்த கிராக் உங்க கையெழுத்துக்கு அப்புறம் பிறக்கும்.

ஃபில்லெட் (மூலையில முக்கோணமா போடுற வெல்டு) அளவுலயும் ஏமாற வாய்ப்பு இருக்கு. லெக்குங்கிறது அதோட பக்க நீளம், த்ரோட்டுங்கிறது மூலையில இருந்து வெல்டு முகம் வரைக்கும் உள்ள தடிமன். உள்வாங்கின ஃபில்லெட்டுல லெக் 8 மிமீ காட்டும், ஆனா த்ரோட் அதுக்கு வேண்டிய 5.6 இருக்காது, அதனால குழிவா இருந்தா த்ரோட்டை அளக்கணும், புடைச்சிருந்தா லெக்கை. டிராயிங் ஐஎஸ்ஓ முறையில ஏ5ன்னு இருந்தா அது த்ரோட், அதுக்கு லெக் 7 மிமீக்கு மேல வேணும், ஏடபிள்யூஎஸ் டிராயிங்னு நினைச்சு 5 மிமீ லெக் போட்டா த்ரோட் 3.5தான் கிடைக்கும், டிசைனர் கேட்ட பலம் போயிடும்.

கடைசியா, கோடு பாஸ் சொல்ற வெல்டை "எனக்கு பிடிக்கல"ன்னு வெட்டச் சொல்லாதீங்க. ஒவ்வொரு ரிப்பேரும் அந்த இடத்துல இன்னொரு தடவை சூடு, இன்னொரு தடவை ஸ்ட்ரெஸ், நல்லா இருந்த ஜாயிண்ட் கெட்டுப் போகவும் வழி. அதே மாதிரி லிமிட்டைத் தாண்டினதை பரவாயில்லைன்னு விடுற அதிகாரமும் நமக்கு இல்ல, அது இன்ஜினியர் எழுத்துல கொடுக்க வேண்டிய முடிவு, வாய் வார்த்தையா ஃபோன்ல சொன்னா ஏத்துக்காதீங்க. ரிஜெக்ட் பண்ணா வெறும் "அண்டர்கட், நாட் ஓகே"ன்னு எழுதாம ஜாயிண்ட் நம்பர், எந்த இடத்துல இருந்து எவ்வளவு தூரம், அளந்த ஆழம், நீளம், எந்த கோடு எந்த எடிஷன் எந்த கிளாஸ், எல்லாம் எழுதுங்க. வெல்டருக்கும் எங்க கிரைண்ட் பண்ணணும்னு தெரியும், ரெண்டு வருஷம் கழிச்சு ஃபைலைத் திறக்கிறவருக்கும் ஏன்னு தெரியும்.