மரமுந்திரிகை: பூ நிறைய, கொட்டை இல்லை என்றால்

முல்லைத்தீவு, மன்னார்ப் பக்கத்து மணல் காணிகளுக்கு மரமுந்திரிகை நன்றாகப் பொருந்தும். மாரியில் தண்ணீர் நிற்கிற பள்ளக்காணிக்கு வேண்டாம், வேர் அழுகும்.

கொட்டை ஊன்றி எழுப்பிய கன்று தாய்மரம் மாதிரி வராது. பூச்சி எந்த மரத்து மகரந்தத்தைக் கொண்டுவந்தது என்று யாருக்குத் தெரியும்? ஒட்டுக்கன்றே வாங்குங்கள், மூன்றாம் வருடமே காய்ப்புத் தொடங்கும். ஒரே இனமாக எடுக்காமல் இரண்டு, மூன்று இனத்தைக் கலந்து நடுங்கள். தன் மகரந்தத்திலும் பிடிக்கும், ஆனால் வேற்று மரத்து மகரந்தம் விழுந்தால் பிடிப்புக் கூட.

ஐப்பசி, கார்த்திகை மழையோடு நடவு. 25 அடிக்கு ஒரு குழி, நீளம் அகலம் ஆழம் மூன்றும் 2 அடி. மேல்மண்ணில் மக்கிய மாட்டெருவைக் கலந்து நிரப்புங்கள். ஒட்டிய இடம் மண்ணுக்கு மேலே 2 அங்குலம் நிற்கவேண்டும். ஒட்டைச் சுற்றிக் கட்டிய பொலித்தீன் நாடாவை அவிழ்க்க மறந்தால் தண்டு நெரிந்து, காற்றுக்கு அந்த இடத்திலேயே முறியும். ஒட்டுக்குக் கீழே வருகிற முளையை விட்டுவைக்காதீர்கள். அது வளர்ந்தால் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய இனம் செத்துவிடும். முதல் இரண்டு வருடப் பூவையும் கிள்ளிவிடுங்கள்.

இனித்தான் பலர் தடுமாறுகிற இடம். தை, மாசியில் மரம் முழுக்கப் பூக்கும், கொட்டை மட்டும் இருக்காது. ஒரு பூங்கொத்தைக் கையில் பிடித்துப் பாருங்கள். இளஞ்சிவப்புக் கோடு போட்ட சின்னப் பூக்கள், இதழ்கள் பின்னால் சுருண்டிருக்கும். பெரும்பாலானவை ஆண்பூ. நடுவில் சூல்தண்டு நீட்டிக்கொண்டிருக்கிற சில இருபால் பூக்களில்தான் கொட்டை பிடிக்கும். மகரந்தம் பிசுபிசுப்பானது, காற்றை நம்ப முடியாது. தேனீ, ஈ, எறும்புதான் வேலையாட்கள். பூக்காலத்தில் காலை வேளையில் மருந்தடித்தால் அவர்களைத்தான் முதலில் கொல்லுகிறீர்கள்.

பூங்கொத்தே கருகிக் காய்ந்தால் தேயிலைக் கொசுவைத் தேடுங்கள். பெயர்தான் கொசு, உண்மையில் சாறு உறிஞ்சும் பூச்சி. அது குத்திய இடத்தில் பிசின் கசியும், பிறகு கறுக்கும். மருந்து தேவையென்றால் தளிர் விடும்போதே, பூ விரியமுன், பின்னேரத்தில் அடியுங்கள். மரத்தில் முசுறு எறும்பு கூடு கட்டியிருந்தால் கலைக்கவேண்டாம், இந்தக் கொசுவை அது நன்றாக விரட்டும். கொட்டையை நிலத்தில்தானே பொறுக்கப்போகிறீர்கள், கடிக்குப் பயப்படத் தேவையில்லை.

அடிமரத்தில் மரத்தூளும் பிசினும் கண்டால் தண்டு துளைப்பான். பட்டையைச் செதுக்கிப் புழுவைக் கம்பியால் அன்றே எடுங்கள். இலை மஞ்சளான பிறகு மரம் தப்புவது கடினம்.

பூத்து ஏறக்குறைய இரண்டு மாதத்தில் கொட்டை முற்றும். கொட்டைதான் முதலில் பருக்கும், பழம் கடைசியில் ஊதும். மரத்தில் ஏறிப் பறிக்காதீர்கள், தானாக விழுவதுதான் முற்றியது. மரத்தின் கீழே கூட்டி வைத்து, தினமும் பொறுக்கி, பழத்தைத் திருகி எடுத்து, 2, 3 நாள் நல்ல வெயிலில் காயவிடுங்கள். தண்ணீரில் போட்டால் தாழவேண்டும், மிதப்பது சொத்தை.

பிறகு சேர்த்தது: பச்சைக் கொட்டையை வெறுங்கையால் உடைக்கவேண்டாம். கோதில் உள்ள எண்ணெய் பட்ட இடம் பொக்களிக்கும். கையில் தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டு உடையுங்கள், பிள்ளைகளைக் கிட்ட விடாதீர்கள்.